முப்பதைத் தாண்டியபின் கொரியத் தற்காப்புக் கலை: எதில் சேர்வது?

தென்கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில், அங்கே புதிதாக வந்துசேர்ந்த தமிழ் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இந்த நாட்டுக்கு வந்துவிட்டோம், இவர்களுடைய கலை ஒன்றைக் கற்காமல் ஊர் திரும்புவானேன். டேக்வாண்டோவில் சேரலாமா, ஹாப்கிடோவில் சேரலாமா, வேறு ஏதேனும் இருக்கிறதா என்பதே அது. கேட்டவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைக் கடந்தவர்கள். பள்ளி நாள்களில் ஓரிரு ஆண்டு கராத்தே வகுப்புக்குப் போனதைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர்கள். அவர்களைப் போன்றவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். பதக்கக் கனவோடு பத்து வயதில் தொடங்கும் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய விடை வேறாக இருக்கும்.

எது மிகப் பழமையானது என்று விசாரித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். போதிதர்மர் காஞ்சியிலிருந்து சென்றார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஈர்ப்பு இயல்பானதுதான். கொரியாவிலும் இதே ஆவல் உண்டு. பண்டைக் கொரியாவின் சில்லா அரசில் இருந்த ஹ்வாரங் இளைஞர் படையிலிருந்து இடையறாது வந்த மரபு என்று பல பயிற்சிக் கூடங்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றன. வரலாறு அப்படி இல்லை. பின்னாளில் டேக்வாண்டோவாக ஒன்றிணைந்த கூடங்களுள் சுங்தோக்வானை 1944இல் தொடங்கிய லீ வொன்குக், சொங்மூக்வானைத் தொடங்கிய ரோ பியோங்ஜிக் ஆகிய இருவரும் ஜப்பானில் ஃபுனகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றவர்கள். டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல்தான் சூட்டப்பட்டது. ஹாப்கிடோ என்பதை எழுதப் பயன்படும் சீன எழுத்துகளும், ஜப்பானின் ஐக்கிடோவை எழுதப் பயன்படும் எழுத்துகளும் ஒன்றே. ஜப்பானிடமிருந்து 1945இல் விடுதலை பெற்ற ஒரு நாடு, போரில் சிதைந்து கிடந்த காலத்திலேயே, தன்னை ஆண்டவர்களிடமிருந்து வந்ததையும் தன் மண்ணில் எஞ்சியிருந்த உதைக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பிசைந்து, ஒரே தலைமுறைக்குள் தனக்கென ஒரு கலையை உருவாக்கி உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது என்பது, ஈராயிரம் ஆண்டுக் கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆகவே பழமையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பது என் முதல் பரிந்துரை.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கும்போது இந்தக் கலையில் என்ன செய்ய நேர்கிறது? வேலை மாறி, ஊர் மாறிப் போனால் கற்றதைத் தொடர வழி இருக்குமா? பத்தாண்டுப் பயிற்சியில் உடம்பின் எந்தப் பகுதி தேயும்? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு கலையும் தரும் விடை வெவ்வேறு.

முதலில் பெரும்பாலோர் அறிந்த டேக்வாண்டோவை, அதாவது சியோலின் கங்நாம் பகுதியில் 1972இல் கட்டப்பட்ட குக்கிவொன்னைத் தலைமையகமாகக் கொண்ட மரபை எடுத்துக்கொள்வோம். 1973இல் அதே கட்டடத்தில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டாயிற்று. இரண்டாம் கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறு எந்தக் கொரியக் கலையிடமும் இல்லை. குக்கிவொன் வழங்கும் டான், அதாவது கறுப்புப் பட்டைப் படிநிலை, சான்றிதழ் எங்கும் ஒன்றுதான். எட்டு தெகுக் பூம்சேக்களை, அதாவது அசைவு வரிசைகளை, சுவோனில் கற்றவர் கோவையிலோ கோலாலம்பூரிலோ வகுப்பில் போய் நின்றால், அடுத்த அசைவு என்னவென்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை அங்கும் ஹனா, துல், செத். வணக்கம் அங்கும் சரியோத், கியோங்னே. மொழி தெரியாத ஊரில் இறங்கிய ஒருவனுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் கொரியாவிலேயே சேர எண்ணும் பெரியவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டிய ஒன்று உண்டு. அங்கே டேக்வாண்டோ கூடம் என்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்கான இடம். பள்ளி விடும் நேரத்தில் மஞ்சள் வேன் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும்; பெற்றோர் வேலை முடிந்து திரும்பும்வரை அவர்கள் அங்கே உதைத்து, கயிறு தாண்டி, பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டான் கிடையாது. பூம் என்ற தகுதியும், பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பட்டையும் தருவார்கள். பெரியவர்களுக்கான வகுப்பு பல கூடங்களில் இல்லவே இல்லை. இருக்கும் இடங்களில் இரவு எட்டு மணிக்கு மேல்தான். நான் சேர்ந்த கூடத்தில் காலணி அடுக்கு முழுவதும் உள்ளங்கை அளவுக் காலணிகளாக இருந்தன. இரவு வகுப்பில் என்னையும் சேர்த்து ஆறு பேர்.

சண்டைப் பயிற்சியில் மின்னணு உணரி பொருத்திய மார்புக் காப்பும் தலைக்கவசமும் அணிகிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக் வரையிலான விதிகளில் மார்புக் காப்பின்மீது விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் படும் உதைக்கு 3, சுழன்று உதைத்தால் கூடுதல். முகத்தில் குத்துவதற்கு அனுமதி இல்லை. புள்ளி காலுக்கே கிடைப்பதால் கைகள் தாழ்ந்து தொங்கும் பழக்கம் வந்துவிடுகிறது. தெருவில் தற்காத்துக்கொள்ளக் கற்க வந்தவர் இதை உணர்ந்திருக்க வேண்டும். அந்த மார்புக் காப்பைப் பற்றி ஒரு சிறிய செய்தி சொல்கிறேன். அதன் கயிறுகள் முதுகுப்புறம் இருப்பதால் தானே கட்டிக்கொள்ள முடியாது. சற்று நேரத்தில் யாரை உதைக்கப் போகிறோமோ அவர் முன்னால் திரும்பி நிற்க, அவருடைய கயிறுகளைக் குறுக்காக இழுத்து நாம் முடிச்சிட வேண்டும். பிறகு நாம் திரும்பி நிற்க, அவர் நமக்கு முடிச்சிடுவார். இறுக்கம் போதுமா என்று கேட்டுக்கொண்டே கட்டுவார்கள். எனக்குக் கொரிய மொழியில் முதலில் பழகிய வாக்கியங்களுள் அதுவும் ஒன்று.

உடம்பைப் பொறுத்தவரை, முப்பது வயதுக்காரரிடம் டேக்வாண்டோ முதலில் கேட்பது தொடையின் பின்தசையையும் இடுப்பு மூட்டையும்தான். உதைக்கும் காலைக் காட்டிலும் ஊன்றிய காலே ஆபத்துக்குரியது. ஊன்றிய பாதம் முழுவதும் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். இதை நாள்தோறும் திருத்தும் ஆசிரியர் கிடைத்தால் ஐம்பதிலும் தொடரலாம். போட்டிச் சண்டையைக் குறைத்துப் பூம்சேயைப் பெருக்கிக்கொள்ளும் வழியும் இந்த மரபில் மதிப்போடு திறந்திருக்கிறது. பூம்சேக்கென்றே தனி உலகப் போட்டிகள் நடக்கின்றன, மூத்தோருக்கு வயதுப் பிரிவுகளும் உண்டு.

டேக்வாண்டோவின் மற்றொரு கிளை, தளபதி சோய் ஹோங் ஹி 1966இல் சியோலில் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.டி.எஃப். 1955இல் அந்தப் பெயர் அமையக் காரணமாக இருந்தவரும் இவரே. அரசோடு முரண்பட்டு 1972இல் கனடாவுக்குச் சென்றார். பின்னர் வடகொரியாவில் இந்தக் கலையைப் பரப்பினார். 2002இல் பியோங்யாங்கில் இறந்தார். தென்கொரியாவில் இந்தக் கிளை இன்றும் அரிதாகவே கண்ணில் படுகிறது என்பதற்கு இந்த வரலாறே காரணம். நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு தொடர்பும் இதில் உண்டு: சோய் 1960களின் தொடக்கத்தில் மலாயாவில் தென்கொரியத் தூதராக இருந்தார். அந்நாட்டில் டேக்வாண்டோ வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். மலேசியத் தமிழர் பலர் வெள்ளைச் சீருடை அணிந்து அதில் நின்றிருக்கிறார்கள்.

இதன் அசைவு வரிசைகள் 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறித்து வைத்த எண் அது. ஒவ்வொரு வரிசைக்கும் கொரிய வரலாற்றிலிருந்து ஒரு பெயர். ஜூங்குன் என்ற வரிசையில் 32 அசைவுகள் இருப்பது, ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் ஜுங்குன் 1910இல் லூஷுன் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்கில் அவருடைய வயது 32 என்பதற்காக. யுல்கோக் வரிசையின் 38 அசைவுகள் அந்தப் பெயருடைய அறிஞர் பிறந்த இடத்தின் 38ஆம் அட்சக்கோட்டைக் குறிப்பவை. பெயரும் எண்ணும் பொருளும் தேர்விலேயே கேட்கப்படும். நாட்டின் பிளவு இந்த வரிசைகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. கொடாங் என்று இருந்த ஒரு வரிசையை நீக்கிவிட்டு, வடகொரியக் கொள்கையின் பெயரால் ஜூச்சே என்ற வரிசையை சோய் பின்னாளில் சேர்த்தார். அவர் மறைந்தபின் அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்டதாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்னையே உண்மையான ஐ.டி.எஃப். என்று சொல்லிக்கொள்ள, இரண்டாம் டானுக்கு மேல் போகும் மாணவர் எந்தப் பெயரைச் சொல்லி அந்த வரிசையைச் செய்வது என்பது அவர் சேர்ந்த அமைப்பைப் பொறுத்ததாயிற்று. எனவே இங்கே சேருமுன், எந்த அமைப்பு என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வி அன்று. உங்கள் பட்டையை அடுத்த ஊரில் ஏற்பார்களா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

பயிற்சியின் தன்மையில் இதற்கு ஒரு சிறப்பு உண்டு. மென்மையான கையுறை அணிந்து முகத்திலும் குத்தலாம், ஆனால் வேகத்தை அடக்க வேண்டும். கை தாழ்ந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால், பொதுவாகக் கைகளும் கால்களும் சேர்ந்து வளர்கின்றன. அசைவுகளைச் சற்றே தாழ்ந்து, எழுந்து, மீண்டும் தாழ்ந்து செய்யும் அலை போன்ற நடை சிலருக்குப் பிடிப்பதில்லை; எனக்குப் பிடித்தது. தசையை இறுக்கியே பழகியவர்களுக்கு, அடிக்கும் நொடிக்கு முன்புவரை தளர்ந்திருக்க அது கற்றுக்கொடுக்கிறது. காரணம் கேட்டுக் கேட்டுக் கற்கும் இயல்புடையவர், அருகில் நல்ல ஆசிரியர் இருந்தால், குக்கிவொன் வழியைவிட இதில் மனநிறைவு காண்பார் என்றே நினைக்கிறேன்.

டாங் சூ டோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மற்றக் கூடங்கள் டேக்வாண்டோ என்ற பெயரில் ஒன்றிணைந்தபோது, 1945இல் மூதுக்வானைத் தொடங்கிய ஹ்வாங் கீ தனித்து நின்றார். கராத்தேயிலிருந்து வந்த பியோங் ஆன் வரிசைகளை அவர் மறைக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. மூத்தவர்கள் கறுப்புப் பட்டைக்குப் பதில் கருநீலப் பட்டை கட்டுவது இதன் அடையாளம். ஓசான் விமானத் தளத்தில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர் சக் நோரிஸ் கற்றது இதைத்தான். அவரைப் போன்ற வீரர்கள் வழியாகவே இது அமெரிக்காவில் பரவி, இன்று தன் தாய்நாட்டைவிட அங்கேதான் செழித்திருக்கிறது. பள்ளி நாளில் கராத்தே பயின்றவருக்கு இது பழைய வீட்டுக்குத் திரும்புவது போல இருக்கும். ஆனால் கொரியாவில் தேடினால் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டுக்குத் திரும்பியபின் தொடர்வது அதைவிட அரிது.

உதைப்பதில் நாட்டமில்லாதவர் ஹாப்கிடோவைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் வளர்ந்து, விடுதலைக்குப்பின் தேகு நகருக்குத் திரும்பிய சோய் யோங்சூல் கற்பித்த பிடிகளும் பூட்டுகளும் இதன் அடித்தளம். தேகுவில் மதுபான வடிசாலை ஒன்றில், தம்மைச் சூழ்ந்தவர்களை அவர் ஒவ்வொருவராகச் சாய்த்ததைப் பார்த்துவிட்டு, வடிசாலை உரிமையாளரின் மகனான சொ பொக்சொப் 1948இல் முதல் மாணவரானார் என்பது இந்த மரபினர் சொல்லும் வரலாறு. உயரமான உதைகளும் ஆயுதப் பயிற்சியும் அடுத்த தலைமுறையில், குறிப்பாக ஜி ஹான்ஜே வழியாகச் சேர்ந்தன. குத்துவரிசையில் பூட்டுப்பிரிவு பார்த்தவர்களுக்கு இதன் உள்ளியக்கம் உடனே விளங்கும்: பிடித்தவரின் விசையை எதிர்க்காமல் வட்டமாகத் திருப்பி, அவருடைய மணிக்கட்டோ முழங்கையோ போக முடியாத திசைக்கு அதைக் கொண்டுபோவது.

மூன்று கேள்விகளில் முதலாவதற்கு ஹாப்கிடோ தரும் விடை நேரடியானது. ஒரு மனிதர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும் நிலையிலிருந்தே பாடம் தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலான கூடங்களில் பயிற்சித் துணைவர் ஒத்துழைத்தே விழுகிறார். ஒத்துழையாதவரிடம் அதே பூட்டைப் போட்டுப் பார்க்க ஆசிரியர் இடம் தருகிறாரா என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது கேள்வியில் இது பலவீனமானது. கொரியாவிலேயே பல சங்கங்கள். ஒன்றின் பாடத்திட்டம் மற்றொன்றில் செல்லாது. மூன்றாவதில், தேய்வது மணிக்கட்டும் தோளும். விழுந்து பழகுவதில் முதல் மூன்று மாதம் முதுகும் கழுத்தும் வலிக்கும். நான் சில மாதங்கள் சென்ற கூடத்தில் அறுபதைக் கடந்த ஒருவர் எனக்குத் துணைவராக வாய்த்தார். என் மணிக்கட்டை அவர் திருப்பும்போது வலி வருவதற்குச் சற்று முன்னரே நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்ப்பார். நான் தொடையில் தட்டிச் சரணடைய வேண்டியதே இருந்ததில்லை. முறையாகக் கற்றால் முதுமையிலும் துணை வரும் கலை இது என்பதற்கு அவரைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான தேக்கியோன். முதலில் பழமையை ஒதுக்கச் சொன்னேன். இதுவரை சொன்னவற்றுள் அந்த அளவுகோலில் மெய்யாகவே நிற்கக்கூடியது இது ஒன்றுதான். ஜப்பானிய ஆட்சிக்கு முந்தைய சோசன் அரச மரபின் காலத்து நகர மக்களின் விளையாட்டாக இருந்து, ஜப்பானிய ஆட்சியில் ஏறக்குறைய அழிந்து, சியோலில் இன்வாங் மலையடிவாரத்தில் பிறந்த சொங் தொக்கி என்ற முதியவரின் உடம்பில் மட்டும் எஞ்சியிருந்தது. அவர் 1893இல் பிறந்தவர். சுங்ஜு நகரைச் சேர்ந்த ஷின் ஹான்சுங் அவரிடம் கற்று, ஆவணப்படுத்தி, அரசிடம் போராடி, 1983இல் அதை நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளுள் 76ஆவதாக அறிவிக்கச் செய்தார். இருவரும் 1987இல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் இன்று நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. 2011இல் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

தேக்கியோன் பார்ப்பவருக்குச் சண்டை போலவே தோன்றாது. முக்கோண வடிவில் அமைந்த 'பூம்' (品) என்னும் சீன எழுத்தின் மூன்று புள்ளிகளை மிதிப்பது போல், முழங்கால் தளர்ந்து மடங்க, இடுப்பு முன்தள்ள, மாறி மாறிக் கால் வைக்கும் பூம்பால்கி என்ற நடைதான் அடிப்படை. மூச்சோடு சேர்ந்து "இக்கு, எக்கு" என்ற ஒலி வயிற்றிலிருந்து எழும். எதிராளியை வீழ்த்தினாலோ, முகத்தை உதையால் தொட்டாலோ வெற்றி. உடம்பில் உதைக்கும்போது வெட்டி உதைக்கக் கூடாது. தள்ளி உதைக்க வேண்டும், துணைவருக்குக் காயம் ஆகக் கூடாதென்பதற்காக. குதிகாலை உட்புறமாகக் கொக்கி போட்டு எதிராளியின் கணுக்காலை இழுக்கும் அசைவுக்குத் தூண்டில் என்று பொருள்படும் பெயர். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது தேஜொப் என்ற விதி. ஆட்டத்தில் இருவரும் ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தொலைவில் முன்வைத்தே நிற்க வேண்டும். பின்வாங்கிச் சுற்றிக்கொண்டிருக்க இடமில்லை. தேஜொப் என்றால் விருந்தினரை உபசரித்தல். எதிரே நிற்பவருக்குத் தன் காலை உபசாரமாக வைக்கும் விதியை வேறெந்தக் கலையிலும் நான் கண்டதில்லை.

கேள்விகளுக்கு வருவோம். இதில் எதிர்ப்பு மெய்யானது, அடியோ மென்மையானது. நாற்பதிலும் முழு மனதோடு ஆடிவிட்டு மறுநாள் காலை நொண்டாமல் வேலைக்குப் போகலாம். மடங்கி மடங்கி எழும் நடையால் தொடை எரியும், முழங்காலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்டே சேர வேண்டும். இடம்பெயர்ந்தால் தொடர்வது மட்டும் இயலாது என்றே சொல்ல வேண்டும். கொரியாவுக்குள்ளேயே வெவ்வேறு சங்கங்கள், வெவ்வேறு போட்டி விதிகள். கொரியாவுக்கு வெளியே கூடம் காண்பது அரிதினும் அரிது.

சிரும் என்ற மல்யுத்தத்தையும் சிலர் கேட்பதுண்டு. இடுப்பிலும் தொடையிலும் கட்டிய சத்பா என்ற துணிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மணல் களத்தில், முழங்காலோ அதற்கு மேற்பட்ட உடம்பின் பகுதியோ தரையில் படுமாறு எதிராளியைச் சாய்ப்பது அது. 2018இல் தென்கொரியாவும் வடகொரியாவும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்த முதல் மரபு என்பதால் எனக்கு அதன்மீது பெருமதிப்பு உண்டு. ஆயினும் வளர்ந்த அயல்நாட்டவர் வாரம் இரண்டு மாலை சென்று பழகும் ஏற்பாடு எளிதில் அமைவதில்லை. திருவிழா நாள்களில் பார்த்து மகிழலாம். வாள் பயிற்சியை விரும்புவோர்க்குக் கும்தோ உண்டு. அது ஜப்பானியக் கெண்டோவின் கொரிய வடிவம் என்பதை அறிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இராது.

எனவே கேட்பவரைப் பொறுத்து நான் சொல்வது இதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலையில் இருப்பவர், வயது எதுவாயினும், குக்கிவொன் டேக்வாண்டோவில் சேரட்டும். இல்லையேல் ஒவ்வோர் ஊரிலும் வெள்ளைப் பட்டையிலிருந்து தொடங்க வேண்டிவரும், இரண்டாம் முறை தொடங்குவோர் குறைவு, மூன்றாம் முறை தொடங்குவோரை நான் பார்த்ததில்லை. ஒரே நகரில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர், அந்த நகரில் ஐ.டி.எஃப். ஆசிரியரோ ஹாப்கிடோ ஆசிரியரோ நல்லவராக இருந்தால், தயங்காமல் அங்கே செல்லலாம். உடம்பு நெகிழ்வாக இருந்தால் முன்னது, இறுகியிருந்தால் பின்னது. இரண்டே ஆண்டு கொரியாவில் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறவருக்கு, பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, தேக்கியோனைப் பரிந்துரைக்கிறேன். டேக்வாண்டோவைத் திரும்பிய பிறகும் கற்கலாம். தேக்கியோனை ஏறக்குறைய அந்த மண்ணில் மட்டுமே கற்க முடியும். நான் டேக்வாண்டோவில் முதல் டான் வாங்கும்வரை அதை ஒத்திப்போட்டு, கடைசி எட்டு மாதம் மட்டும் தேக்கியோன் பழகினேன். வரிசையை மாற்றியிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

எதைத் தேர்ந்தாலும், பணம் கட்டுமுன் ஒரு முழு வகுப்பைச் சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வயதொத்தவர் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாண்டுக்கு மேல் வருபவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். டான் சான்றிதழை எந்த அமைப்பு தருகிறது, தேர்வுக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். பயிற்சியின் நடுவே பட்டை அவிழ்ந்தால், ஆசிரியருக்கும் கொடிக்கும் முதுகு காட்டித் திரும்பி நின்று கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அப்படி ஒரு புது மாணவர் திரும்பி நின்று தடுமாறும்போது, பக்கத்தில் இருக்கும் மூத்தவர் யாரேனும் மண்டியிட்டு முடிச்சைச் சரிசெய்து தருகிறாரா என்றும் பாருங்கள்.